மாவுப் பைப் படகில் ஒரு பசு

பசுவைப் படகில் படுக்க வைப்பதற்குள் ஆண்கள் நான்கு பேருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. முன்னங்கால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டு, பின்னங்கால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டு. குளம்பு ஒவ்வொன்றுக்கும் வைக்கோல் திணித்த சாக்கு உறை. குட்டை ஜாதிப் பசுதான் என்றாலும் சினைப்பசு. கன்று போட அதிக நாள் இல்லை. வயிறு அமுங்காமல் தூக்க வேண்டும், தூக்கியதை முழங்கால் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் படகுக்குள் பூப்போல இறக்க வேண்டும். படகு என்றால் பலகைப் படகு இல்லை. மெல்லிய மரச் சட்டங்களின்மேல் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசிய படகு. இரண்டு பேர் தலையில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம், அவ்வளவு லேசு. அலை அடித்தால் தாங்கும். ஒரு குளம்பு அழுத்தமாக இறங்கினால் தாங்காது.

ஷிபேல் படகின் பின்முனையில், பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கொம்பைப் பிடித்துக்கொண்டு அதன் காதோரம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். ட்ரிமின் என்ற அந்தப் பசு அவள் குரலுக்கு மட்டும்தான் அடங்கும். அதற்காகவே சில நாள் முன்னதாகத் தீவிலிருந்து இந்தக் கரைக்கு வந்து, அண்ணன் வீட்டுத் தொழுவத்திலேயே படுத்து எழுந்து அதைப் பழக்கியிருந்தாள். பெண்கள் படகில் ஏறுவதை இனிஷ்கராவ் தீவில் யாரும் விரும்புவதில்லை. பசுவுக்காக இன்று வாயை மூடிக்கொண்டார்கள்.

வாய் பசுவோடு பேசிக்கொண்டிருந்தாலும் அவள் கண் ஓரிடத்தை விட்டு நகரவில்லை. பசுவின் பின்னங்கால்களுக்குக் கீழே, படகின் அடித்துணியில், இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு சதுரம். மற்ற இடத்தைப் போலத்தான் கறுப்பாக இருந்தது. அந்தத் தாருக்கு அடியில் இருப்பது படகுக்கு ஆகிற துணி இல்லை என்பது அங்கே இருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இது என்னடா மார்ட்டன், பசுவ ஏத்தறோமா, ரொட்டிக்குள்ள கறிய வச்சு மடிக்கறோமா?" என்று கேட்டுக்கொண்டே லவ்ராஸ் முன்முனை இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

லவ்ராஸ் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி செத்து, பிள்ளை குட்டியும் இல்லாத மனிதர். கடலைக் கணிப்பதில் தீவில் அவரை மிஞ்ச ஆளில்லை; வாய்த்துடுக்கிலும் ஆளில்லை. போர் தொடங்கியதிலிருந்து படகுக்குப் போர்த்துகிற கித்தான் துணி வருவது நின்றுபோயிருந்தது. ஷிபேலின் கணவன் மார்ட்டன் கோதுமை மாவுப் பைகளைத் தைத்துப் புதுப் படகுக்குப் போர்த்தப்போகிறான் என்று காதில் விழுந்த நாளிலிருந்து லவ்ராஸுக்கு நல்ல வேட்டை.

"தண்ணி பட்டா பிசைஞ்சுக்கும். சீக்கிரம் தள்ளு, புளிச்சுடப் போவுது."

"உங்க படகு எலும்புக்கூடா வீட்டுக்குப் பின்னால கெடக்கு. என் படகு கடல்ல கெடக்கு," என்றான் மார்ட்டன், நடு இருக்கையில் உட்கார்ந்தபடி. "பேசாம துடுப்பப் பிடிங்க பெரியவரே."

அவனுக்கு அடுத்து, பின்முனைப் பக்கமாக, பசுவின் பின்னங்கால்களுக்கு நேர் எதிரே, அவன் தம்பி ஃபேஹின். இன்னும் கல்யாணம் ஆகாதவன், ஊரில் நல்ல பலசாலி. "உதைச்சா மொதல்ல எனக்குத்தான் விழும்," என்றான் அவன். "அண்ணி, அதுகிட்ட என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லி வைங்க."

ஷிபேலின் அண்ணன் கரையிலிருந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் படகைத் தள்ளிவிட்டான். ஷிபேல் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் அன்று வேண்டிக்கொண்டதில் பாதி வேண்டுதல், பாதி பேரம்.

நடந்தது இதுதான். கோடையில் மார்ட்டன் வீட்டு முன்னால் சட்டம் கட்டிக்கொண்டிருந்தபோது, ஷிபேல் தீவின் ஒவ்வொரு சமையலறையிலும் கையேந்தி மாவுப் பைகளைச் சேர்த்தாள். யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை. அந்தப் பைதான் அங்கே எல்லோர் வீட்டிலும் படுக்கை விரிப்பு, உள்பாவாடை, பையன்களின் சட்டை. சேர்ந்ததைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, அச்சடித்த எழுத்து மங்கும்வரை அடித்துத் துவைத்து, பிரித்து, இரட்டைத் தையலாகச் சேர்த்துத் தைத்தாள். அந்தக் குவியலில் ஒரு பை மட்டும் புத்தம் புதிது, நெருக்கமான நெசவு, கையில் எடுத்தால் விறைப்பாக நிற்கும். அவள் மூத்த மகள் ஒனோராவுக்கு அந்தக் கோடையில்தான் கோயிலில் புதுநன்மை, வெள்ளை உடுப்புப் போட்டு முதல்முறையாக நன்மை வாங்குகிற நாள். மற்றப் பெண்களுக்கெல்லாம் அமெரிக்காவிலிருந்து பார்சலில் வெள்ளைத் துணி வந்துவிட்டது. இவர்களுக்கு அங்கே யாரும் இல்லை. ஷிபேல் அந்தப் பையை எடுத்து மறைத்து வைத்து, மகளுக்கு உடுப்புத் தைத்துவிட்டாள். அந்த இடத்துக்குப் பிள்ளைகள் வருடக்கணக்கில் படுத்துப் புரண்ட விரிப்பைச் சேர்த்துத் தைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற கை தெரியும், அவ்வளவு நைந்த துணி.

அவளும் ஒன்றும் யோசிக்காமல் செய்துவிடவில்லை. முன்முனையின் மேல் விளிம்புக்குப் போகிற மாதிரி, தண்ணீர் எப்போதாவது தெறிக்கிற இடமாகப் பார்த்துத்தான் அதை வைத்துத் தைத்திருந்தாள். "இந்தப் பக்கம் முன்னால வரணும்," என்று மார்ட்டனிடம் சொல்லியும் வைத்தாள். அவனும் தலையாட்டினான். ஆனால் துணியை இழுத்துக் கட்டும்போது அளவு ஒத்துவராமல் போக, அவன் அதைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு, துணியை அடிப்பக்கமாக இழுத்து ஆணி அடித்துவிட்டான்; நைந்த துண்டு பின்பக்கம், அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஷிபேல் பூசை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் தாரும் பூசியாகிவிட்டது. வாளி காலி. அடுத்த கோடைவரை தீவுக்குத் தார் வர வழியில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான், நெற்றியெல்லாம் தாரோடு, மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு.

"நல்லா இருக்கு," என்றாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறவர்கள், ஊரே சிரிக்கிற ஒரு வேலையை வீம்புக்குச் செய்து முடித்துவிட்டு வாசலில் நிற்கிற புருஷனின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் படகு மிதந்தது. சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள், லவ்ராஸைத் தவிர. அதற்கப்புறம் சொல்லுவதற்கு வாய் வரவில்லை. மீன்பிடிப் படகுதானே, எல்லோரும் இருக்கையில்தானே உட்காருகிறார்கள், அந்த இடத்தில் யார் மிதிக்கப்போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு இலையுதிர்காலத் தொடக்கத்தில் வீட்டுப் பசு காய்ச்சல் கண்டு செத்துப்போயிற்று. ஐந்து பிள்ளைகளுக்கும் உருளைக்கிழங்கும் பாலில்லாத தேநீரும்தான். கடைக்குட்டிக்கு விலா எலும்பு எண்ணலாம் போல ஆனபோது அண்ணன் தன் தொழுவத்திலிருந்து ட்ரிமினைக் கொடுத்தான். வேறு யாருடைய படகிலாவது கொண்டுவரலாமே என்று ஷிபேல் சொல்லிப் பார்த்தாள். மார்ட்டனுக்கு முகம் சுண்டிவிட்டது. "என் படகுக்கு என்ன கொறச்சல்?" என்றான்.

பாதிக் கடல்வரை ஒரு வம்பும் இல்லை. துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்வார்கள். அதனால் மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தபடி இருந்தார்கள். எதிரே வருவது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. தீவை நெருங்கும் இடத்தில் இரண்டு கரும்பாறைகள். நடுவில் நீரோட்டம். அந்த இடைவெளி வழியாகத்தான் போயாக வேண்டும்.

"ஏ ஷிபேலு," என்றார் லவ்ராஸ். "ஒன் முகத்தப் பாத்தா முன்னால பேய் நிக்கற மாதிரி இருக்கே. என்ன தெரியுது?"

"பாறைக்கு நடுவுல வெள்ளையா இருக்கு."

"எப்படி வெள்ள? பாலா, மோரா?"

"சோப்பு நொர மாதிரி பொங்குது."

லவ்ராஸ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கேலி நின்றுவிட்டது. "காத்து மேக்க திரும்பிடுச்சு. இனிமே படகத் திருப்பவும் முடியாது. பசுவோட பக்கவாட்டுல அலை வாங்கினா கவுந்துடுவோம். நேரா போறோம். துடுப்ப நான் சொல்ற வரைக்கும் யாரும் விடக் கூடாது."

முதல் அலையில் படகு ஏறி இறங்கியது. துணிப்படகு அலையோடு வளைந்து கொடுக்கும், அதுதான் அதன் உயிர். ஆனால் வளைந்தது பசுவுக்குப் புரியவில்லை. கண்ணை உருட்டியது. ஷிபேல் கன்னத்தை அதன் நெற்றியில் அழுத்திக்கொண்டு பேசினாள். இரண்டாவது அலை விளிம்பைத் தாண்டித் தெறித்தது. குளிர்ந்த தண்ணீர் வயிற்றில் விழுந்ததும் ட்ரிமின் எழுந்து நிற்கப் பார்த்தது. கட்டு தாங்கியது. ஆனால் உதைத்த வேகத்தில், ஊறிப்போயிருந்த சாக்கு உறை ஒரு பின்னங்காலிலிருந்து கழன்று விழுந்துவிட்டது.

வெறும் குளம்பு அந்தச் சதுரத்தின்மேல் வந்து நின்றது. அலைக்கு அலை முன்னும் பின்னும் தேய்ந்தது. தார் உரிந்து பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்ப்பதை ஷிபேல் பார்த்தாள்.

மார்ட்டனும் குளம்பைப் பார்த்துவிட்டான். தண்ணீரைப் பார்க்கவில்லை. "ஃபேஹின், ஒன் துடுப்ப உள்ள இழு. கால இறுக்கிக் கட்டு. நானும் பெரியவரும் பாத்துக்கறோம்."

ஃபேஹின் துடுப்புகளை உள்ளே போட்டுவிட்டுக் குனிந்தான். படகு ஆடிய ஆட்டத்தில் அவனுக்குப் பிடி கிடைக்கவில்லை. சட்டத்தின்மேல் மட்டும்தான் கால் வைக்க வேண்டும், துணியில் மிதிக்கக் கூடாது என்பது தீவில் நடக்கத் தொடங்குகிற குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கிற பாடம். ஈரச் சட்டத்தில் அவன் கால் வழுக்கியது.

"நடுவுல ஊனுடா," என்று மார்ட்டன் கத்தினான். "துணியிலயே ஊனு. என் துணி தாங்கும்."

ஃபேஹின் காலைத் தூக்கினான்.

"ஊனாத," என்றாள் ஷிபேல்.

"என்ன அண்ணி?"

"கால எடு தம்பி. அங்க இருக்கறது நல்ல துணி இல்ல. பிள்ளைங்க படுத்த பழைய விரிப்பு."

மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. துடுப்பை விட முடியாததால் மார்ட்டனாலும் லவ்ராஸாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை. மார்ட்டனின் துடுப்பு ஒரு வீச்சு காற்றில் போயிற்று.

"துடுப்பு," என்றார் லவ்ராஸ். "அத அப்புறம் பேசிக்கலாம். உசுரு இருந்தா."

ஃபேஹின் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு நின்றான். மார்ட்டன் துடுப்பை வலித்துக்கொண்டே கேட்டான், "எந்த எடம்?"

"அவன் காலுக்கு நேர் கீழ. தண்ணி வருது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தச்சது நான்தானே. நல்ல பைய ஒனோராவுக்கு எடுத்துட்டேன்."

லவ்ராஸ்தான் முதலில் முடிவுக்கு வந்தார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. "ஃபேஹின், கத்தி இருக்கில்ல? பசு கழுத்த அறு. செத்த பசு உதைக்காது."

ஃபேஹின் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தான். ஷிபேல் பசுவின் கழுத்தின்மேல் கையைப் போட்டு மூடிக்கொண்டாள். "வேணாம் மார்ட்டன். கொழந்தைங்க பாலுக்குக் காத்துக்கிட்டு இருக்குங்க."

"கொழந்தைங்களுக்கு அப்பனும் வேணும், ஆத்தாளும் வேணும்," என்றான் மார்ட்டன்.

அடுத்த அலை வந்தது. படகு ஏறியது. குளம்பு மறுபடி சதுரத்தில் இறங்கியது. துணி குழிந்து, எப்படியோ கிழியாமல் மேலே வந்தது. மார்ட்டன் அதைக் கண்ணால் பார்த்தான்.

"கத்திய வை," என்றான் தம்பியிடம். பிறகு மனைவியிடம், "நீ வச்ச துணிதானே. நீயே போய் அதுமேல படு."

கோபத்தில் சொன்னதா, யோசித்துச் சொன்னதா என்று அவனையே கேட்டாலும் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னது சரி. கால் ஊன்றினால் பாரமெல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். ஆள் மல்லாந்து படுத்தால் இரண்டு சட்டங்களும் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், குளம்புக்கும் துணிக்கும் நடுவில் ஓர் உடம்பு இருக்கும். தலைமாட்டை விட்டுப் போனால் பசு மிரளும். வேறு வழியும் இல்லை.

ஷிபேல் மேல்துண்டை அவிழ்த்துப் பசுவின் கண்ணைச் சுற்றிக் கட்டினாள். மூக்கணாங்கயிற்றை விளிம்பில் முடிந்தாள். பசுவின் முதுகோரமாக ஊர்ந்து போய், ஃபேஹின் காலடியில் மல்லாந்து படுத்து, அந்தச் சதுரத்தின்மேல் முதுகைப் பதித்தாள். வெறும் குளம்பை இரண்டு கையாலும் வாரி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஃபேஹின் துடுப்பை எடுத்துக்கொண்டான்.

அவள் குரல் தலைமாட்டில் இல்லாததைப் பசு உடனே கண்டுகொண்டது. உதைத்தது. முதல் உதை இடுப்பில் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "ட்ரிமின், இங்கதான் இருக்கேன்," என்று அவள் கத்தினாள். கத்தல் உடைந்து அலறலாக வந்ததும் பசு இன்னும் மிரண்டு இன்னும் உதைத்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. உதை விழும்போது குரல் உடையக் கூடாது. வலி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், குரலுக்குப் போகக் கூடாது.

பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் பசுவுக்குச் சொன்னாள். யார் புல் வெட்டிப் போடுவார்கள், யார் வாலைப் பிடித்து இழுப்பார்கள், யாரிடம் கவனமாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே ராகத்தில், வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிற மாதிரி சொன்னாள். உதை விழுந்தது. பேச்சு நிற்கவில்லை. முதுகுக்குக் கீழே கடல் இருந்தது. நைந்த துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கையால் தடவிப் பார்ப்பதுபோல அது அசைவது அவளுக்குத் தெரிந்தது. சட்டை நனைந்து, குளிர் எலும்புவரை ஏறியது. கிழிந்தால் முதலில் தனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஓர் அற்ப ஆறுதல் இருந்தது.

மேலே வானமும், ஃபேஹினின் முழங்காலும், அவன் தோளுக்கு மேலாக மார்ட்டனின் முகமும் தெரிந்தன. அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து பார்க்கவே இல்லை. பின்னால் போய்க்கொண்டிருந்த கடலைப் பார்த்துக்கொண்டு வலித்தான். ஃபேஹின் மட்டும் இடையிடையே "இன்னும் கொஞ்சம்தான் அண்ணி," என்று முணுமுணுத்தான். அவனுக்கும் முன்னால் இருப்பது தெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

லவ்ராஸ் முன்முனையிலிருந்து ஒவ்வொரு அலைக்கும் கணக்குச் சொன்னார். "இத விடு. இத வலி. இப்ப ரெண்டு பேரும் சேந்து." நீரோட்டத்தின் இரைச்சல் இரண்டு பக்கமும் பாறையில் மோதிக் கேட்டது. அப்புறம் ஒரே பக்கம் கேட்டது. அப்புறம் பின்னால் போயிற்று. தாண்டிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. படகின் ஆட்டம் தணிந்ததிலிருந்து அவளே தெரிந்துகொண்டாள்.

கரையில் ஊரே நின்றது. பத்துப் பன்னிரண்டு கைகள் சேர்ந்து ட்ரிமினைத் தூக்கி மணலில் இறக்கின. கட்டை அவிழ்த்ததும் அது எழுந்து, உதறிக்கொண்டு, சுற்றி நின்றவர்களை அலட்சியமாகப் பார்த்துச் சாணி போட்டது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு அதைச் சுற்றினார்கள். பசுவோடு கூட்டமும் மேலே ஏறியது.

"என்ன லவ்ராஸ், மாவு பிசைஞ்சுக்கிச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம்," என்றார் லவ்ராஸ். "உப்புதான் தூக்கல்." வேறொன்றும் சொல்லாமல் நடையைக் கட்டினார்.

ஷிபேல் படகிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால் தன் கால் மாதிரி இல்லை. மார்ட்டன் தொடையளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தன நாளா இதுல போறோம்," என்றான். "நான், என் தம்பி, அந்தக் கெழவன்."

"சொல்லியிருக்கணும். வாய் வரல."

"அந்தப் பாறை மேட்டுல தெனம் வந்து நின்னியே. மழையில கூட. படகு திரும்புற வரைக்கும் நகர மாட்டியேன்னு ஊரே சிரிச்சுது. புருஷன் மேல அவ்வளவு ஆசையாடான்னு என்னைக் கேலி பண்ணானுங்க." அவன் படகின் விளிம்பை மாற்றிப் பிடித்தான். "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"ஆசை இல்லாமலா நின்னேன்?"

"பயந்து நின்னே."

"ரெண்டும்தான் மார்ட்டன்."

அவன் குனிந்து அவளை இரண்டு கையாலும் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து, காய்ந்த கல்லின்மேல் உட்கார வைத்தான். மூட்டையை இறக்கி வைப்பதுபோலத்தான் வைத்தான். "இனிமே மேட்டுல வந்து நிக்காத," என்று சொல்லிவிட்டுப் படகை இழுக்கப் போனான்.

அவளுக்கு உதை விழுந்த இடம் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

மறுநாள் பிற்பகல் லவ்ராஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் சட்டியளவு தார்க்கட்டி, இன்னொரு கையில் தண்ணீர் ஏறாத எண்ணெய்த்துணியில் தைத்த பழைய மீன்பிடிக் கால்சட்டை. படகு வீட்டு முன்னால் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தச் சதுரத்தை மார்ட்டன் சுற்றிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தான்.

"மாவுப் படகுக்கு ஒரு கால்சட்டை கொண்டாந்திருக்கேன்," என்றார் லவ்ராஸ். "உள்ள ஓட்டை இல்ல. போட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

"தார் வச்சிருந்தீங்களா? இவ்வளவு நாளா?" என்றான் ஃபேஹின்.

"வச்சிருந்தேன். யாரும் கேக்கலயே." பிறகு வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஷிபேலைப் பார்த்தார். "நீ கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். அது வேற விஷயம்."

மார்ட்டன் அடுப்பில் தாரை உருக்கினான். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். கால்சட்டையிலிருந்து சதுரம் வெட்டினான். ஊசியில் நூல் கோக்கிற நேரம் வந்ததும் ஷிபேல் அறியாமலேயே கையை நீட்டிவிட்டாள். அந்த வீட்டில் ஊசி என்றால் அவள் கைக்குத்தான் வரும், கல்யாணம் ஆன நாளிலிருந்து. மார்ட்டன் அந்தக் கையைப் பார்த்தான். ஊசியைத் தம்பியிடம் கொடுத்தான்.

ஃபேஹின் தைத்த தையலைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. "எலி கடிச்ச மாதிரி இருக்குடா," என்றார் லவ்ராஸ். ஃபேஹின் கூச்சத்தோடு அண்ணியைப் பார்த்தான். அவள் தன் கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள். மார்ட்டனே தாரைப் பூசி, சூடான பெட்டியால் அழுத்தித் தேய்த்தான். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறமும் விடாமல். வேலை முடிந்தபிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தார் காய்ந்ததும் படகு மறுபடி கடலுக்குப் போயிற்று. போகாமல் முடியாது. குளிர்காலத்துக்கு உப்புப் போட்டு வைக்க மீன் வேண்டும்.

ஷிபேல் மேட்டுக்குப் போகவில்லை. தொழுவத்தில் ட்ரிமினின் பக்கத்தில், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து கிழங்குத் தோலை நறுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு பயப்படுவதைவிடப் பார்க்காமல் பயப்படுவது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. காற்று கூரையில் உரசினால் கை நின்றுவிடும். அந்தத் தையல் எலி கடித்த தையல். தன் கையால் தைத்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. எழுந்து வாசல்வரை போவாள், ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்காருவாள். பசு அவளைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. மார்ட்டன் தொழுவ வாசலில் நின்றான். தோளில் துடுப்புகள், கையில் மீன் கோத்த கயிறு. உடம்பு முழுக்க நனைந்திருந்தான். பசுவைப் பார்த்தான், தீனித் தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"ஏன் வரல?" என்றான்.

"நீதானே வர வேணாம்னு சொன்னே."

ஈரம் அவன் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாறை தாண்டினதும் மேட்டப் பாத்தேன்," என்றான். "ஆளக் காணோம். அதுக்கப்புறம் எனக்குத் துடுப்பே ஓடல. கெழவன் வேற திட்டறான்."

ஷிபேல் கத்தியைக் கீழே வைத்தாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள்.

"நாளைக்கு வா," என்றான் அவன்.

"எப்படி வர்றது? இந்தக் கால வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏற முடியாது மார்ட்டன்."

"நான் தூக்கிட்டுப் போயி உக்கார வச்சுட்டுக் கடலுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு, மீனை அவள் மடியருகில் வைத்து, துடுப்புகளைச் சாத்தி வைக்கச் சுவரோரம் போனான்.